குசினிக் கதவின் உட்புறம்

குசினி என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றார்கள். அலுமாரியும் அவர்களுடைய கப்பலில் வந்து இறங்கிய சொல்லே. அவ்விரண்டையும் செய்து பொருத்துகிறவனைச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேர அழைக்கின்ற 'பாஸ்' என்ற பெயரோ ஒல்லாந்தருடைய தானம். இவ்வாறு கடல்வழி வந்த மூன்று சொற்களை நம்பி, திருகோணமலைக் கடற்கரையிலிருந்து வீதிவழியே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் உள்ளே, குளத்தை அண்டிக் கிடக்கும் கந்தளாயில் நான் நாற்பது வருஷத்துக்குக் கிட்டிய காலமாக ஜீவனம் செய்துவருகிறேன். இப்பொழுது என் முழங்கால்கள் ஏணியை விரும்புவதில்லை. ஆகவே கையால் செய்த வேலையை வாயால் செய்யும் பருவத்தை அடைந்துவிட்டேன் என்று சொல்லலாம்.

சென்ற வருஷம் பேராற்றிலிருந்து ஒரு பாடசாலை ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். பலகை விலையும் கூலியும் 2022 ஆம் வருஷத்து நெருக்கடிக்குப் பின் ஏறிய ஏற்றத்தில், தம் வீட்டுக் குசினிக்குப் 'பான்ட்ரி கபேட்' போடுவதைத் தாமே செய்துகொள்வதென்று அவர் தீர்மானித்திருந்தார்; கைபேசியில் எத்தனையோ படங்களைப் பார்த்து எல்லாம் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். "ஐயா, நீங்க கை வைக்க வேணாம், பக்கத்தில இருந்து சொல்லித் தந்தாப் போதும்" என்று அவர் கேட்ட விநயம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன்: நான் ஸ்டூலில் அமர்ந்திருப்பேன், கருவியைத் தொடமாட்டேன், ஆனால் நிறுத்தச் சொன்னால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும்.

அந்த நிபந்தனை என்னுடையதல்ல, என் குருவினுடையது. 1986 ஆம் வருஷம் ஏப்ரல் 20 ஆந் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்தபோது எனக்குப் பதினேழு வயது. குளக்கோட்டன் கட்டியதென்று நம்மவரும், ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதென்று சரித்திரகாரரும் சொல்லுகின்ற அந்தப் புராதன அணையின் வெள்ளம், நித்திரையிலிருந்த ஊரின் மேல் இறங்கி நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அளவுக்கு மீறிய பாரமுள்ள வாகனங்கள் அணைமேல் ஓடியது அதற்கு ஒரு காரணமென்று பின்னர் சொல்லப்பட்டது. தம்பலகாமத்திலிருந்து மரவேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் மாமா ஒருவர், வீடுகளைத் திருத்த ஆள் தேவையென்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அவரே என் குரு. சேறு வடிந்த வீடுகளில் அடுப்புக் கரைந்து போயிருந்தது, பரண் மிதந்து போயிருந்தது. அம்மியும் உரலும் மாத்திரம் கிடந்த இடத்தில் கிடந்தன. சுவர்கள் வெளிப்பார்வைக்கு நன்றாகக் காய்ந்திருந்தும், மாமா ஒவ்வொரு சுவரிலும் உளியால் ஓரங்குலக் குழி தோண்டி, உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம்" என்பார். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்கள். அவசரப்பட்டு வேறு ஆட்களைக் கொண்டு பூசிய வீடுகளில் அடுத்த மாரிக்குள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றதை நான் என் கண்ணாலேயே கண்டேன். நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டுமென்று அன்றுதான் கற்றேன்.

அந்தக் காலத்துக் குசினியில் மறைவாக ஒன்றும் இருக்கவில்லை. நெருப்பு கண்ணுக்கு முன்னால் எரிந்தது. புகை கண்ணையே கரித்தது. தண்ணீர் குடத்தில் நின்றது. விறகு பரணில் காய்ந்தது. சிங்கள வீடுகளில் அடுப்புக்கு மேலே 'தும் மெஸ்ஸ' என்று ஒரு புகைப்பரண் கட்டி, அதில் கொறுக்காயையும் மிளகையும் உலர்த்துவார்கள். அதன் கயிறு இற்றுப்போனால் வீட்டிலுள்ள குழந்தைக்கும் அது தெரியும். இன்றைய பான்ட்ரியின் அழகெல்லாம் மறைப்பதிலேதான் இருக்கிறது. வயர் சுவருக்குள், குழாய் அலுமாரிக்குள், எரிவாயு கதவுக்குள், பாரத்தைத் தாங்கும் ஆணி பலகைக்குப் பின்னால். நெருப்புக்குப் பயப்படாதவர் எவருமில்லை. ஆனால் நான் கண்ட விபத்துகளில் நெருப்பிலிருந்து தொடங்கியவை சொற்பம். யாரோ ஒருவர் மறைத்துவிட்டு, பிறகு தாமே மறந்துவிட்ட ஒரு வஸ்துவிலிருந்து தொடங்கியவைதாம் அதிகம். தன் குசினியைத் தானே பொருத்த நினைக்கிறவருக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான். மற்றவை இதன் விரிவுரை.

ஆசிரியர் முதலில் அளவு நாடாவைச் சுவரில் பிடித்தார். நான் நிறுத்தச் சொன்னேன். குசினியின் அளவு சுவரிலிருந்து எடுப்பதல்ல, அதில் நிற்கப்போகிறவரிடமிருந்து எடுப்பது. அவருடைய மனைவியை வெறுங்காலோடு நின்று முழங்கையை மடிக்கச் சொல்லி, நிலத்திலிருந்து முழங்கைவரை அளந்தோம்: 38 அங்குலம். அதிலிருந்து நாலைந்து அங்குலம் குறைத்தால் மேசைத்தட்டின் உயரம் வரும், அவருக்கு 33. கடைகளில் ஆயத்தமாக விற்கும் அலுமாரிகள் பெரும்பாலும் 35, 36 அங்குலம் என்று, வேறு தேசத்து உயரத்துக்கும் சப்பாத்துக் காலுக்கும் செய்யப்பட்டவை; அவற்றின் முன் நின்று தேங்காய்ச் சம்பல் அரைக்கும் நம் பெண்கள் மாலையில் தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கு வயதைக் காரணம் சொல்வது அநியாயம்.

அப்போது மூலையில் பலகைக்கட்டையில் இருந்த ஆசிரியரின் தாயார், "எனக்கு நின்டு சமைக்க ஏலா மகன், முட்டுக்கால் கேக்காது" என்றார். அந்த வீட்டில் அன்றாடம் தேங்காய் துருவுவதும், மீன் வெட்டுவதும், கீரை ஆய்வதும் அவர்தாம். மகன் வரைந்துகொண்டு வந்திருந்த படத்தில் அவருக்கு இடமே இல்லை. படத்தைத் திருத்தினோம். யன்னலோரமாக மூன்றடி நீளத்துக்கு, கதிரையில் இருந்துகொண்டே வேலை செய்யத்தக்கதாக 27 அங்குல உயரத்தில் ஒரு தாழ்ந்த தட்டு; அதன் கீழே கால் நீட்டுவதற்கு வெறுமையாக விட்ட இடம். சஹன் வைக்கும் தட்டுக்கும் அப்படியே. முஸ்லிம் வீடுகளில் பெருநாளைக்கும் கந்தூரிக்கும் எடுக்கின்ற அந்தப் பெரிய வட்டத் தாம்பாளம் ஓரடி ஆழமுள்ள மேலலுமாரியில் நுழையாது என்பதை எந்தக் கைபேசிப் படமும் சொல்லித்தராது. அதற்காகக் கீழே ஒரு நெடுக்கு அறை விட்டோம்.

நிலம் மட்டமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு எவரும் வேலை தொடங்கக்கூடாது. கண்ணாடிபோன்ற றப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் இரு மூலைகளில் பிடிக்கிற லெவல் குழாய்க்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். குழாய்க்குள் ஒரு குமிழி நின்றாலும் அது பொய் சொல்லும். அதைத் தட்டி வெளியேற்றிவிட்டால் அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ஆசிரியருடைய குசினியில் ஒன்பதடிக்குள் நிலம் முக்கால் அங்குலம் சரிந்திருந்தது. உயர்ந்த மூலையிலிருந்து தொடங்கித் தாழ்ந்த பக்கத்துக்கு ஆப்பு வைப்பதே முறை. மாறித் தொடங்கியவர் கடைசி அலுமாரியின் அடியை அறுக்க வேண்டி வரும்.

பிறகு சுவர். துளை போடுகிறவன் முதலில் போட வேண்டியது பென்சிற் கோடு. பிளக் பேஸ் எங்கே, சுவிட்ச் எங்கே, குழாய் எங்கே என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நேர்மேலும் நேர்கீழும் நேர்பக்கமும் அரையடி அகலத்துக்கு ஒரு பாதை கீறி, அந்தப் பாதைக்குள் எந்தக் காரணத்தாலும் துளைப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்ள வேண்டும். ஒழுங்கான வயர்காரர் வயரை நெடுக்காகவோ கிடையாகவோதான் கொண்டுபோவார். ஆனால் எல்லா வயர்காரரும் ஒழுங்கானவர் என்று சொல்லுவதற்கில்லை. ஆகையால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, இறக்கியதைச் சோதித்தும் பார்த்துவிட்டு, துளைகருவிக்கு அயல்வீட்டிலிருந்து நீண்ட வயரில் மின்சாரம் எடுத்து வேலை செய்வது என் வழக்கம். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் என்னிடம் வலக்கை விரலைக் காட்டினார். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

என்னுடைய சொந்தக் குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். மாமாவிடமிருந்து பிரிந்து தனியே வேலை எடுத்த புதிதில், ஒரு வீட்டில் மூன்றடி மேலலுமாரி ஒன்றை நாலு ஆணியில் தொங்கவிட்டேன். ஆணி இறுகப் பிடித்தது, அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆறு மாதங்கழித்து ஒரு நடுநிசியில், அந்த வீட்டம்மாவின் சீதனப் பீங்கான் முழுவதையும் வாரிக்கொண்டு அது விழுந்தது. பகலில் விழுந்திருந்தால் கீழே ஒரு தலை இருந்திருக்கும். அந்தச் சுவரில் பூச்சு முக்கால் அங்குலத்துக்கு மேல். என் றோல் பிளக்கில் பாதிக்குமேல் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. வெற்று அலுமாரியை அசைத்துப் பார்த்தேனேயன்றி, அதற்குள் வரப்போகும் பாரத்தை நான் எண்ணவில்லை. பீங்கான் நிறைந்த மூன்றடி அலுமாரி 50 கிலோவை இலகுவில் தொடும். அன்றிலிருந்து, முதலில் முதிரைச் சட்டம் ஒன்றைச் செங்கல்லுக்குள் குறைந்தது இரண்டங்குலம் இறங்கும் ஆணிகளால், ஒன்றேகாலடிக்கு ஒன்றாக இறுக்கி, அலுமாரியை அந்தச் சட்டத்தின்மேல் ஏற்றித் தொங்கவிடுகிறேன். உட்குழிவுள்ள சீமெந்துக் கல்லாக இருந்தால் ஆணி வெற்றிடத்தில் சுழலும். அங்கே குழியைச் சாந்தால் நிரப்பி ஒரு வாரம் விட வேண்டும், அல்லது சட்டத்தைக் கொங்கிறீற்று லிண்டலில் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் வசதியில்லையென்றால் மேலலுமாரி வேண்டாம். இடுப்பளவு உயரத்தில் நிலத்தில் நிற்கும் அலுமாரி எவர் தலையிலும் விழுந்ததாக நான் கண்டதில்லை.

கிறனைற்றுக் கல்லைப் பற்றியும் அதேபோல ஒரு கணக்கு. 2 சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு சதுர அடி ஏறக்குறைய 5 கிலோ; எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள தட்டு 80 கிலோ. அதைப் படுக்கையாகத் தூக்கினால், ஸிங்குக்கு வெட்டிய துவாரத்தின் ஓரத்தில் முறியும். நிறுத்தி, கண்ணாடி தூக்குவதைப்போலத் தூக்க வேண்டும், நாலு பேர், செருப்பில்லாமல் அல்ல. அதை வீட்டில் வைத்து வெட்டவே வேண்டாமென்று நான் ஆசிரியரைத் தடுத்தேன். கிரைண்டரில் காய்ந்த கல்லை வெட்டும்போது எழுகின்ற வெண்தூளில் சிலிக்கா இருக்கிறது. சுவாசப்பையில் படிந்தால் அது திரும்பி வருவதில்லை. கல் வெட்டும் பட்டறையில் தண்ணீர் ஊற்றி வெட்டுவார்கள். கிரைண்டரின் காப்புமூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வது நம் ஊரில் ஒரு வீரச் செயலாகவே கருதப்படுகிறது. கிரைண்டர்த் தட்டு உடைந்தால் அது எந்தத் திசையில் பறக்கும் என்று தெரிந்தவன் அந்த வீரத்தை மெச்சமாட்டான்.

இன்னொரு தூளும் உண்டு. ஆசிரியரின் குசினிக்குக் கூரை அஸ்பெஸ்டஸ் தகடு. புகை இழுக்கும் விசிறியின் குழாயை அதனூடாக மேலே விடுவதாகத் திட்டம். கூரையைத் தொட வேண்டாம், சுவரில் ஓட்டை போட்டுப் பக்கமாக விடுங்கள் என்றேன். அந்தத் தகட்டைக் காயவைத்து அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து குசினி முழுவதும் படியும்; துடைத்துவிட்டோமென்று எண்ணுவோம், விளக்குமாறு அதைத் திரும்பவும் எழுப்பும். வெயிலில் பழகிய தகட்டின்மேல் கால்வைத்து ஏறுவதும் அப்படியே. வளைக்கு நேர்மேல் கால்படாவிட்டால் நேரே குசினிக்குள் வந்துசேரலாம்.

மின்சார வேலையை நான் ஆசிரியருக்கு விட்டுக்கொடுக்கவில்லை, நானும் செய்யவில்லை. அதற்குப் படித்த வயர்காரரை அழைத்தோம். இருந்தாலும் எதைக் கேட்பதென்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 13 அம்பியர்ப் பிளக் பேஸ் ஒன்றிலிருந்து 230 வோல்ற்றில் எடுக்கக்கூடியது 3,000 வாற்று அளவே. கேத்தில் ஒன்று 2,000 வாற்று வரும். அதோடு ரைஸ் குக்கரையும் மைக்ரோவேவையும் ஒரே நீட்டு வயரில் மாட்டுகிற குடும்பங்கள், காலையில் பாடசாலைக்கு நேரமாகிறபோது எதை மூட்டுகிறோமென்று அறியாமலே மூட்டுகின்றன. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பார்கள். ட்ரிப் சுவிட்ச், கசிகின்ற மின்சாரம் 30 மில்லி அம்பியருக்கு வந்ததும் விழுந்து மனிதனைக் காக்கிறது. அளவுக்கு மீறிய பாரத்தால் சூடாகும் வயரைக் காப்பது அதன் பக்கத்திலுள்ள சிறிய எம்.சி.பி. என்னும் வேறொன்று. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்லது. அது விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். ஸிங்குக்கும் அடுப்புக்கும் ஓரடிக்குள் பிளக் பேஸ் வேண்டவே வேண்டாம்.

எரிவாயுவைப் பற்றி மட்டும் ஆசிரியரின் மனைவி என்னைவிட அதிகம் கேள்வி கேட்டார், காரணம் இருந்தது. 2021 ஆம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் தீவு முழுவதும் காஸ் அடுப்புகளும் அவற்றைச் சேர்ந்த குழாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்ததையும், அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்ததையும், வாயுக் கலவையில் புறொப்பேன் விகிதத்தைக் கூட்டியதே காரணமென்று தெரியவந்ததையும் எவரும் மறக்கவில்லை. புறொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். கூடிய அமுக்கம், வழக்கமான அமுக்கத்தில் எப்படியோ தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த பழைய றப்பர்க் குழாயிலும் தேய்ந்த ரெகுலேற்றரிலும் இருக்கும் வெடிப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும். கலவை நம் கையில் இல்லை. குழாய் நம் கையில் இருக்கிறது. அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், நான் மாற்றச் சொல்லுகிறேன்.

12.5 கிலோ சிலிண்டரை அடுப்புக்குக் கீழே கதவு போட்டு மூடிவைப்பதுதான் இப்போதைய நாகரிகம். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் புகையைப்போல மேலே போகாது, தண்ணீரைப்போல நிலத்தில் வழிந்து தாழ்ந்த மூலையில் தேங்கும். ஆகவே அந்த அலுமாரிக்கு நிலமட்டத்திலேயே துவாரம் வேண்டும். மேலே துவாரம் விட்டுவிட்டுக் காற்றோட்டம் கொடுத்ததாக நினைப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். இயலுமானால் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே, நிழலில், நிமிர்த்தி வைப்பது உத்தமம். பொருத்தி முடிந்ததும் சவர்க்கார நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்கு இன்றுவரை இமைமயிர் ஒழுங்காக முளைக்கவில்லை. மணம் வந்தால் ரெகுலேற்றரை மூடு, கதவு யன்னலைத் திற, வெளியே போ. எரிகிற மின்குமிழை அணைக்கவும் வேண்டாம், அணைந்திருப்பதைப் போடவும் வேண்டாம், சுவிட்சுக்குள் எழும் பொறிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பின்புறத்துப் பழைய விறகடுப்பை இடித்துவிட்டு அந்த இடத்தில் உடுப்புக் கழுவும் இயந்திரம் வைக்கலாமா என்று ஆசிரியர் கேட்டார். 2022 இல் சிலிண்டருக்காக மனிதர் விடிய விடிய வரிசையில் கிடந்த நாட்களை ஞாபகப்படுத்தினேன். அழகான பான்ட்ரி போட்டு விறகடுப்பை இடித்தவர்கள் அன்றைக்கு வாசலில் மூன்று கல்லை வைத்து மழையில் சமைத்தார்கள். அவர்களில் இரண்டு வீட்டாரின் அடுப்புகள் நானே இடித்துக்கொடுத்தவை. 'அனகி' என்று சொல்லப்படும் இரட்டைவாய் மண்ணடுப்பு ஒன்றை வாங்கி, சுற்றிலும் களிமண் பூசி, மேலே புகைக்கூட்டைத் திருத்திவிட்டால், விறகும் குறையும் புகையும் குறையும். ஆசிரியர் யோசித்தார். "உம்மாட அடுப்பு, இருக்கட்டும்" என்று முடித்தார்.

வேலை இருபத்துமூன்று நாள் சென்றது. ஒரு பாஸ் ஒரு வாரத்தில் செய்திருப்பான். ஆனால் கதவு ஒவ்வொன்றும் விரலால் தள்ள மூடிற்று, எவர் விரலிலும் இரத்தம் வரவில்லை. கடைசியில் மாமா எனக்குக் கற்பித்த ஒரு வழக்கத்தை ஆசிரியருக்குக் கொடுத்தேன்: ஸிங்குக்குக் கீழுள்ள கதவைத் திறந்து, அதன் உட்புறத்தில், எந்தச் சுவரில் எந்த உயரத்தில் வயர் போகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே திரும்புகிறது, சட்டத்தின் ஆணிகள் எத்தனை, எரிவாயுக் குழாய் மாற்றிய திகதி எது என்று பென்சிலால் படம் வரைந்து வைப்பது. மை வேண்டாம், ஈரத்தில் ஊறிப் பரவும், பென்சில் நிற்கும். அக்போபுரப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டுக்கு ஸிங்க் மாற்றப் போனபோது, மாமா இறந்து பல வருஷங்களுக்குப் பின், கதவின் உட்புறத்தில் அவருடைய கோடுகளைக் கண்டிருக்கிறேன். அவர் எழுதியிருந்த இடத்தில்தான் குழாய் இருந்தது. ஆசிரியர் கரும்பலகைக்காரர் அல்லவா, என் மாமாவைவிட அழகாக வரைந்தார். அளவுகோல் வைத்து, அம்புக்குறி போட்டு, ஒவ்வொன்றின் பெயரையும் எழுதினார்.

கறண்டைப் போட்டுப் பார்த்தோம். ட்ரிப் சுவிட்சை அழுத்தினோம், விழுந்தது, எழுப்பினோம். ஆசிரியர் தம் புதிய அடுப்பை மூட்டி, நீலச் சுவாலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தேநீர் வந்தது, ஒரு வாய் குடித்ததும் அதில் விறகுப் புகை மணத்தது. பின்கதவுப் பக்கம் பார்த்தேன். தாயார் பழைய அடுப்பின் முன்னே குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏன் உம்மா, புதுசு இருக்குத்தானே?" என்று மகன் கேட்டார்.

"இன்டைக்கே ஊத்தையாக்கவா?" என்றார் அவர்.